ஐயத்தின் சொற்கள்: விலங்குவழித் தொற்றுச் செய்திகளும் ஆங்கிலச் சொற்பயிற்சியும்

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் வைரஸ் நோய்களைப் பற்றிய செய்திகளை ஆங்கில வகுப்பில் பாடமாக்கும்போது, நோய்ப்பெயர்களையும் மருத்துவக் கலைச்சொற்களையும் பட்டியலிட்டுக் கொடுப்பதே வழக்கமாக இருந்துவருகிறது. அச்செய்திகளின் உண்மையான பயன் அப்பட்டியலில் இல்லை என்பதும், ஒரு தகவல் எந்த அளவுக்கு உறுதிப்பட்டது என்பதைச் சுட்டும் சொற்களிலேயே அது இருக்கிறது என்பதும், எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மாணவர்க்கு மிகவும் தேவைப்படுபவை அச்சொற்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செய்தித்தாளைக் கொண்டு சொற்பயிற்சி அளிப்பதற்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. ஒரே நிகழ்வைப் பற்றி நாள்தோறும் வெளிவரும் தொடர்செய்திகளையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற செய்திகளையும் ஒப்பிட்ட ஹுவாங், பால் நேஷன் ஆகியோர், தொடர்செய்திகளில் அடிப்படைச் சொற்களுக்கு அப்பாற்பட்ட சொற்கள் கூடுதலாகத் திரும்ப வருவதையும் புதுச்சொற்களின் சுமை குறைவதையும் 1989-இல் எடுத்துக்காட்டினர். ஆயினும் இதில் ஒரு தடை இருக்கிறது. பிறர் துணையின்றி ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் நூற்றுக்கு 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹு, நேஷன் ஆகியோர் 2000-இல் வந்தடைந்த முடிவு. ஆங்கில நாளிதழில் அந்நிலையை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், தேவை என நேஷன் 2006-இல் கணக்கிட்டார். திருவொற்றியூர் மண்டலத்து மாநகராட்சிப் பள்ளியில் படித்து வெளிவரும் மாணவரிடம் இதை எதிர்பார்க்க இயலாது. ஆனால் தொற்றுச் செய்தியை அவர் தமிழ் நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ முன்பே அறிந்திருப்பார். எங்கே, எவருக்கு, என்ன நேர்ந்தது என்பது தெரிந்திருப்பதால், ஆங்கில வாக்கியத்தில் தெரியாத சொல் குறுக்கிடும்போது அதன் பொருளை அவரால் ஊகிக்க முடிகிறது. சொல்வளத்தின் குறையைச் செய்தியறிவு ஓரளவு ஈடுகட்டுகிறது.

தேர்தலும் கிரிக்கெட்டும் கூடத் தொடர்செய்திகளே என்ற மறுப்பு இங்கு எழலாம். ஆனால் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையில் ஐயத்துக்கு இடமில்லை. விலங்குவழித் தொற்றிலோ நோய் எங்கிருந்து வந்தது என்பதே முதல் நாள் முதல் விடை தெரியாத வினாவாக நிற்கிறது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா பகுதியில் பரவிய நிபா இதற்குத் தெளிவான சான்று. முதலில் அது இன்னதென்று தெரியாத காய்ச்சலாக இருந்தது. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் சோதனைக்குப் பிறகே நிபா என உறுதியானது. நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் காணப்பட்ட வௌவால்கள் மீது உடனே ஐயம் விழுந்தது. அவை பூச்சியுண்ணும் இனத்தவை. போபாலிலுள்ள விலங்குநோய் ஆய்வகத்தின் சோதனையில் அவற்றிடம் வைரஸ் காணப்படவில்லை. பின்னர் அதே வட்டாரத்தில் பிடிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால்களிடம் அது கண்டறியப்பட்டது. இந்நிகழ்வை வரிசையாகப் படிப்பவர், ‘சஸ்பெக்டட்’ என்ற ஐயச் சொல் ‘கன்ஃபர்ம்ட்’ என்ற உறுதிச் சொல்லாக மாறுவதையும், வேறோர் ஐயம் ‘ரூல்டு அவுட்’ என விலக்கப்படுவதையும் நிகழ்ச்சியின் போக்கிலேயே காண்கிறார். பள்ளி இலக்கணத்தில் அட்டவணையாக மட்டும் மனப்பாடம் செய்யப்படும் ‘மே’, ‘மைட்’, ‘குட்’ ஆகிய துணைவினைகள் எதற்காக இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்குகிறது.

நோய்ப்பெயர்களைக் கற்பதில் பயன் குறைவு. தமிழ் இதழ்களே அவற்றை ஒலிபெயர்த்துத் தந்துவிடுகின்றன. தவிரவும் அவை நிலையானவை அல்ல. மலேசியாவின் சுங்கை நிபா என்ற ஊரின் பெயர் ஒரு வைரஸின் மீது என்றென்றைக்குமாக ஒட்டிக்கொண்டதைப் போன்ற நிலை இனி நேராதிருக்க, புதிய நோய்களுக்கு ஊர், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை இடுவதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ‘மங்கிபாக்ஸ்’ 2022-இல் ‘எம்பாக்ஸ்’ ஆனது.

ஐயத்தையும் உறுதியையும் சுட்டும் சொற்களால் நெட்டுக்குப்பத்துக்கு என்ன பயன் என்பதே அடுத்த வினா. வடசென்னையில் ஆங்கிலம் பேசுவோரைப் ‘பீட்டர் விடுகிறார்’ எனக் கேலி செய்வதுண்டு. ஆனால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அனல்மின் நிலையங்களுக்கும் காமராசர் துறைமுகத்துக்கும் அருகில் மீன்பிடித்து வாழும் இவ்வூருக்கு ஆங்கிலம் பகட்டன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கழிமுகத்தையும் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் எண்ணூர் மீனவர் குப்பங்களில் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் ஏற்பட்டன. இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அத்தீர்ப்பாயத்தின் ஆணைகள் ஆங்கிலத்தில் அமைபவை. வைரஸுக்கு ஆட்படுதலைக் குறிக்கும் ‘எக்ஸ்போஷர்’ வாயுவுக்கு ஆட்படுதலையும் குறிக்கிறது. 2020-இல் இராயபுரம் மண்டலத்துத் தெருக்கள் அடைக்கப்பட்டபோது ‘கன்டெயின்மென்ட் ஜோன்’ என எல்லார் காதிலும் விழுந்த சொல்லின் வினைவடிவமே, எண்ணெய் பரவாமல் தடுத்தலுக்கும் ஆளப்படுகிறது. ‘நீரில் காணப்பட்டது’ என்பதற்கும் ‘நீரில் இருந்திருக்கக்கூடும்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, இழப்பீடு கோருபவரின் கையிலுள்ள தாளில் சிறிய வேறுபாடு அன்று.

நோய்ச் செய்திகள் அச்சத்தை வளர்க்கும் என்ற மறுப்பைப் புறந்தள்ள இயலாது. வௌவால்களையோ பன்றிகளையோ குற்றவாளிகளாக்கும் தலைப்புகள் எல்லா மொழிகளிலும் உண்டு. எனவே தொலைவிலுள்ள கொள்ளைநோயை விட, அருகிலுள்ளதும் தடுப்பு வழி தெரிந்ததுமான ரேபிஸிலிருந்து தொடங்குவதே தகும். 2023 நவம்பரில் இராயபுரத்தில் பலரைக் கடித்த தெருநாய்க்கு அந்நோய் இருந்தது பின்னர் சோதனையில் உறுதியான செய்தி, ஐயத்திலிருந்து உறுதி வரையிலான அதே பாதையைச் சிறிய அளவில் காட்டுகிறது. கடித்த உடனே கழுவுதல், தடுப்பூசி என்ற விடையும் அச்செய்தியோடு சேர்ந்தே வருகிறது.

இம்முறையில் ஆசிரியர் தாமே இட்டு நிரப்ப வேண்டிய இடம் ஒன்று உண்டு. தொற்றின் தொடக்கத்தில் செய்திகள் பெருகி, அது தணியும்போது மெலிந்துவிடுகின்றன. இதனால் ஐயத்தின் சொற்கள் பலமுறை கண்ணில் பட, முடிவைச் சுட்டும் சொற்கள் ஓரிரு முறையே வருகின்றன. நிபா ஒழிந்ததாக அறிவிப்பதற்கு, தொற்றியது முதல் அறிகுறி தோன்றும் வரையிலான 21 நாள் உச்ச இடைவெளியின் இரு மடங்காகிய 42 நாள்கள் புதிய நோயாளி எவருமின்றிக் கழிய வேண்டும் என்ற விதியும், அதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களும் பெரும்பாலும் உட்பக்கத்தின் சிறு செய்தியில் அடங்கிவிடும். முதல் வாரச் செய்திகளைச் சேர்த்துவைத்த ஆசிரியர் இந்தச் சிறு செய்தியையும் தேடியெடுத்துச் சேர்த்தால்தான், ஐயத்தைச் சொல்லக் கற்ற மாணவர் அது தீர்ந்ததைச் சொல்லவும் கற்பார்.