இராயப்பரின் கரை

(புனித பேதுரு, பவுல் பெருவிழா வாரத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



ஜூன் 29-ஆம் நாள் திருத்தூதர்கள் பேதுரு, பவுல் பெருவிழா. நம் தாத்தா பாட்டி காலத்துச் செபப் புத்தகங்களில் இவர்கள் இராயப்பர், சின்னப்பர். அந்தப் பெயர்கள் பூசையிலிருந்து மறைந்துபோனாலும் சென்னை வரைபடத்தில் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. வடசென்னை இராயபுரத்துக்கு அந்தப் பெயர் இராயப்பரால் வந்தது என்பர். கோடம்பாக்கத்திலிருந்து கடற்கரை ரயிலில் ஏறினால் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்தக் கோவிலுக்குள் கால் வைத்திருக்கிறோம்?

இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம் 1829-இல் எழுந்தது. எழுப்பியவர்கள் பிரபுக்கள் அல்லர், படகோட்டிகள். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். நடுவே சென்னைக் கடலின் பெயர்போன அலைகள். ஆணி அடித்த படகு அந்த அலையில் இரண்டு முறை தரை தட்டினால் பிளந்துவிடும். அதனால் பலகைகளைக் கயிற்றால் தைத்து மசூலாப் படகு செய்தார்கள். அடிபட்டால் அது வளைந்து கொடுக்கும். கம்பெனியின் துணிமூட்டைகளும், ஆளுநர்களும், அவர்களுடைய மனைவிமாரும், நம் நாட்டுக்கு வந்த குருக்களும் கன்னியரும்கூட அந்தப் படகோட்டிகளின் கையை நம்பித்தான் கரை சேர்ந்தார்கள். அலையை எண்ணி, சரியான அலைக்குக் காத்திருந்து, ஒரே மூச்சில் கரையேறும் வித்தை அது. அந்தக் கைகள் சேர்த்த காசில்தான் இராயப்பருக்குக் கோவில் எழுந்தது. கலிலேயாக் கடலில் வலை வீசியவருக்கு வேறு யார் கட்டுவார்கள்?

இனி அந்தக் கரையின் கதைக்கு வருவோம். 1875 டிசம்பரில் அன்றைய வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினாற்போல் கல்சுவர்கள் போயின. 1881-இல் வேலை முடியும் தறுவாயில், நவம்பர் மாதத்தில் புயல் வந்து அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கைப் பார்த்திருந்த வாசல் பிறகு வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தைச் செய்து முடித்த பிரான்சிஸ் ஸ்பிரிங், சென்னைக் கடற்கரையில் மணல் எப்படிப் பயணம் செய்கிறது என்று தனியே ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

மணல் பயணம் செய்யுமா என்று கேட்கலாம். செய்கிறது. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி, தெற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது திரும்பித் தெற்கே வரும். ஆனால் போவது அதிகம், வருவது குறைவு. மீனவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அன்று. தெற்கே ஓடும் நீருக்கும் வடக்கே ஓடும் நீருக்கும் அவர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த நீரில் எந்த மீன் வரும் என்றும் சொல்வார்கள். அந்த மணல் ஓட்டத்தின் குறுக்கேதான் துறைமுகச் சுவர் போய் நின்றது.

விளைவு உடனே தெரிந்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. கரையோரச் சாலையை ஒட்டியிருந்த கடல் ஆண்டுக்கு ஆண்டு பின்வாங்கியது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களின் நடுவில் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். நாம் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுக்கும் அந்த அகன்ற மணல்வெளி, இயற்கை தந்ததைவிடத் துறைமுகம் தந்தது அதிகம். சுவருக்கு வடக்கே? அங்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. நூறாண்டுக்குள் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நிலம் போயிற்று. தெருக்கள் போயின, வலை உலர்த்திய மேடுகள் போயின, கட்டுமரம் ஏற்றி வைக்கும் சரிவுகள் போயின. பிற்பாடு பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். 2004-ஐ ஒட்டிக் கடலுக்குள் கல் நீட்டங்கள் வைத்தார்கள். கல் போட்ட இடம் தப்பியது, அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது.

ஒரே சுவர்தான். ஒரு பக்கத்துக்கு மெரினாவைக் கொடுத்தது, இன்னொரு பக்கத்தின் வீட்டை எடுத்துக்கொண்டது. கோவில் கட்டிய படகோட்டிகளின் பிழைப்பும் அதோடு போயிற்று. கப்பல் நேராகச் சுவரோரம் வந்து நின்றபின் மசூலாப் படகு எதற்கு?

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று கரை அரித்தாலும், மீன் குறைந்தாலும், வலை வெறுமையாக வந்தாலும் நாம் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம்: பருவநிலை மாற்றம். முன்பு 'கடல் சீற்றம்' என்றோம், அதற்கு முன்பு 'ஆண்டவன் சோதனை' என்றோம். பருவநிலை மாற்றம் பொய் என்று நாம் சொல்லவில்லை. இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951-இலிருந்து 2015-க்குள் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. 1993-க்குப் பின் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்து வந்திருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கு சின்னதாகத் தோன்றும். ஏற்கெனவே மணல் திருடப்பட்ட கரையில் அது சின்னது அன்று. சுவர் எடுத்தது போக மீதியைத்தான் சூடான கடல் எடுக்கிறது. முதல் பங்கை யார் எடுத்தார் என்பதை மறந்துவிட்டு இரண்டாம் பங்கை மட்டும் பேசினால் அது பாதி ஒப்புரவு. பாவசங்கீர்த்தனத்தில் அப்படிச் சொன்னால் எந்தக் குருவும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மன்னார் வளைகுடாவிலும் இதே கதைதான். 1542-இல் புனித சவேரியார் வந்து சேர்ந்த முத்துக்குளித்துறைக் கரை அது. அங்கே தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. கடல் உயர்ந்ததால் என்று பத்திரிகையில் படிக்கிறோம். அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்து வந்தவர்கள் மனிதர்கள். அலையைத் தடுத்து நின்ற வேலியைப் பிடுங்கிவிட்டோம். பிறகு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடுங்கோடையில் நீர் சூடேறி, மிஞ்சிய பவளங்களும் வெளுத்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் பவளப்பாறைகளுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. அதைப் படிக்கும்போது தொலைதூரத் தீவுகளை நினைக்கிறோம், வேம்பாறும் கீழக்கரையும் நினைவுக்கு வருவதில்லை.

மீனுக்கு வருவோம். இங்கே கதை இன்னும் விந்தையானது.

நம் தெருவில் கூடையோடு வரும் ஓர் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, பேருந்து ஏறி வருகிறார். ஒரு வெள்ளிக்கிழமை கூடையைப் பார்த்து, "என்னம்மா, கவலையா?" என்று கேட்டோம். சென்னைக் கரையில் சாளை வகை மீன்களுக்குக் கவலை என்று பெயர் என்பது மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் சிரித்தார். "கவல இல்ல ஃபாதர், மத்தி. எங்க ஆயா காலத்துல இந்த மீனு நம்ம கரையில ஏது? அது மலையாளத்து மீனு."

அவர் சொன்னது வெறும் பேச்சன்று. மத்தி, அதாவது நெய் மிகுந்த அந்தச் சாளை, பல நூறாண்டுகளாக மலபார்க் கரையின் மீன். 1980-களின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரையில் அது பேருக்குத்தான் கிடைத்தது. அதன்பின் தமிழகக் கரையில் பெருகி, மெல்ல ஆந்திரத்துக்கும் வடக்கே ஏறியது. கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் இதைப் பதிவு செய்து, வடக்கேயும் கிழக்கேயும் கடல் சூடேறியதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். தனக்கு ஏற்ற நீரைத் தேடி மீன் ஊர் மாறுகிறது. கேரளத்திலோ 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன்னுக்கும் கீழே இறங்கியது. நூறில் ஒரு பங்குகூட இல்லை. மத்தியும் கப்பையும் உண்டு வளர்ந்த மக்களுக்கு அது என்ன செய்திருக்கும்!

அப்படியானால் நமக்கு ஆதாயம்தானே என்று தோன்றலாம். நமக்கும் முதலில் அப்படித் தோன்றியது. ஆனால் மீன் ஊர் மாறலாம், மீனவர் மாற முடியுமா? ஒவ்வொரு குப்பத்தின் வலையும், கண்ணியின் அளவும், கடலுக்குப் போகும் நேரமும் அந்தந்தக் கரையின் மீனுக்கென்று தலைமுறை தலைமுறையாக அமைந்தவை. அந்த அறிவு ஏற்கெனவே அடிபட்டது. 1950-களுக்குப் பின் இயந்திரப் படகு வந்தது, பருத்தி வலை போய் நைலான் வலை வந்தது, அடிமடி இழுவைப் படகுகள் கரையோரத்தை வழித்தன. கட்டுமரக்காரருக்கும் இழுவைப் படகுக்காரருக்கும் நடுக்கடலிலும் கரையிலும் சண்டை நடந்தது. அதன் பிறகே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை சிறு மீனவருக்கென்று விடப்பட்டது. அந்த எல்லை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை நொச்சிக்குப்பத்தில் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலமும் முன்பு 45 நாளாக இருந்து 2017 முதல் 61 நாளாக நீண்டது. மீன் குஞ்சு பொரிக்கக் கடலுக்குக் கொடுக்கும் ஓய்வு அது. நல்லதுதான். அதை நாம் ஒரு வகை நோன்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நாம் தவக்காலத்தில் விரும்பி இருக்கும் நோன்பு வேறு, அடுப்பெரியாத வீட்டின் நோன்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கம் நம் பிரசங்க மேடைகளுக்கு உண்டு. நாமும் அதைச் செய்திருக்கிறோம்.

லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் சீமோன் இரவெல்லாம் உழைத்து வெறும் வலையோடு கரையில் நிற்கிறார். அந்தப் பகுதியைப் படித்ததும் நாம் உடனே வலை கிழியும் அளவு மீன் கிடைத்த இடத்துக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு சிறு செய்தி இருக்கிறது. அவர்கள் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கிடைக்காத காலையிலும் நாளைக்கென்று வலையை அலசி வைக்கும் மனிதர்களின் படகைத்தான் ஆண்டவர் கேட்டு ஏறினார்.

கடலிலிருந்து தள்ளி இருக்கும் கோடம்பாக்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போரும் இருப்பர். 1920-களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்துத்தான் பக்கத்துத் தியாகராய நகர் எழுந்தது. நீர் இருந்த இடத்தில் நாம் வீடு கட்டினோம், 2015 டிசம்பரில் நீர் தன் பழைய விலாசம் தேடி வந்தபோது அதிர்ந்துபோனோம். அந்த வாரத்தில் படகோடு வந்து, நகரத்துக்குள் சிக்கியவர்களை மாடியிலிருந்து இறக்கியவர்கள் மீனவர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சீனிவாசபுரத்திலும் பட்டினப்பாக்கத்திலும் ஆழிப்பேரலை புகுந்தபோது அவர்களை இறக்க யாரும் படகோடு போகவில்லை.

சென்ற மாதம், தடைக்காலத்தின் நடுவே, அந்த மீன்கார அம்மா பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கூடை இல்லை. வெளிமாநிலத்து ஐஸ் மீனை விற்க மனம் வரவில்லை என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து, ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார். இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டோம்.

"ஆளுக்கு இல்ல ஃபாதர். எங்க ஆயா வூடு இருந்த தெருவுக்கு. எல்லாம் கடலுக்குள்ள கீது."

தெருவுக்குப் பூசை வைக்கலாமா என்று திருச்சபைச் சட்டத்தில் தேடவில்லை. தெருவின் பெயரைக் கேட்டு, பூசைக் கருத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினோம். வரும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தப் பூசை.