தகப்பனின் கடனும் பிள்ளையின் கையும்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



எலிசாவிடம் வந்து முறையிட்ட அந்த விதவையின் கணவன் ஊதாரி என்று வேதம் சொல்லவில்லை. அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்றே அவள் சாட்சி கூறுகிறாள். ஆயினும் அவன் கடனோடு மரித்தான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நின்றான். அக்கால உலகில் இது புதிதன்று. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டமும் கடனுக்காகப் பிடிக்கப்பட்ட மனைவி மக்களை மூன்று ஆண்டு உழைக்கவைத்து, நான்காம் ஆண்டில்தான் விடுவித்தது.

இப்பகுதியை இவ்வாரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கன்னிவாடிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் விதைக்கும் மகளின் திருமணத்துக்கும் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியோர் அநேகர். அவர்களில் ஒருவர் நித்திரையடைந்து, அடக்க ஆராதனை முடிந்து, வீடு இன்னும் துக்கத்திலிருக்கும்போதே திண்டுக்கல் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வருகிறது. பிள்ளைகள் அஞ்சித் தங்கள் பெயரிலேயே புதிய நோட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி எழுதவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டா? இதற்கு விடை காண நம் தேசத்துச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

கடன் தீராமல் இறந்தவன் மறுமையில் துன்புறுவான், அவனை மீட்பது மகனின் புண்ணியக் கடமை என்று தர்மசாஸ்திரங்கள் போதித்தன. சூதுக்கும் குடிக்கும் பட்ட கடன் போன்றவற்றுக்கு விலக்கு இருந்தது. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இந்தச் சமயக் கடமையைக் கடன் வசூலிக்கும் உரிமையாக மாற்றிக்கொண்டன. பம்பாய் மாகாணத்தில் தகப்பன் ஒரு காசும் வைத்துப்போகாவிட்டாலும் மகன் கட்டவேண்டியிருந்தது. 1866ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமே அதை நிறுத்திற்று. நமது சென்னை மாகாணத்தில் பொறுப்பு சொத்தின் அளவோடு நின்றது. ஆனால் பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிய பங்கும் தகப்பனின் கடனுக்காக ஏலத்துக்குப் போகக்கூடும்.

பெரிய வீடுகளும் இதற்குத் தப்பவில்லை. நம் கன்னிவாடியே திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்று. 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் இச்சீமை கும்பெனியாரிடம் வந்தது. பாளையங்கள் ஜமீன்களாயின, வாளெடுத்துப் போரிட்ட வம்சங்கள் வழக்காடத் தொடங்கின. தெற்கே சிவகிரி ஜமீனில், மறைந்த ஜமீன்தாரின் கடனுக்காக முத்தையன் செட்டியார் அவர் மகன் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார்மேல் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிய ஜமீன் தகப்பன் பட்ட கடனுக்குப் பொறுப்பான சொத்தே என்று 1882இல் அங்கே தீர்ப்பாயிற்று.

கிறிஸ்தவர்களின் நிலை வேறாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்த பெல்லாரியில் மத்தேயு ஆபிரகாம் என்ற இந்தியக் கிறிஸ்தவர் 1842இல் காலமானார். அவருடைய தம்பி பிரான்சிஸ், இந்துக் கூட்டுக்குடும்ப முறைப்படி சொத்தில் பங்கு கேட்டார். விதவை சார்லட் மறுத்தார். கிறிஸ்தவரானவரை இந்துச் சட்டம் கட்டாயமாகப் பிணைக்காது, பழைய முறையைத் தொடர்வதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று பிரிவி கவுன்சில் 1863இல் கூறிற்று. அந்த மயக்கத்துக்கும் இடமில்லாதபடி 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இன்று நமக்குரியது அதன் வழிவந்த 1925ஆம் ஆண்டுச் சட்டம். இதன்படி பிறப்பால் வரும் பங்கு என்பது நமக்கில்லை. தகப்பன் வைத்துச்சென்ற சொத்திலிருந்து கடனைத் தீர்த்தபின் மீதியே பிள்ளைகளுக்கு. அதிலும் நியாயமான அடக்கச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும் எல்லாக் கடனுக்கும் முந்தியவை. கடன்காரருக்கு முன்பாகச் சவப்பெட்டியை வைத்த சட்டத்தை நான் மதிக்கிறேன்.

நம் இந்துச் சகோதரருக்கும் அந்தப் புண்ணியக் கடமையின் பேரில் வழக்காடும் உரிமை 9-9-2005 முதல் நீக்கப்பட்டது. அதற்கு முன் பட்ட கடனுக்கு மட்டும் பழைய முறையே. அயல்வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி சம்மனுக்கு வருவோம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, இறந்தவரின் சொத்து எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ அவ்வளவுக்கே அவரைப் பொறுப்பாளி ஆக்குகிறது. மகனின் சம்பளமும் மகள் தன் உழைப்பால் வாங்கிய வீட்டுமனையும் அதில் சேரா. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் நியமனதாரருக்கு வரும் தொகையையும் இறந்தவரின் கடன் தொடாது. ஆனால் தகப்பனின் நிலத்தை விற்றுப் பணத்தை மறைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று சொல்லலாகாது. கணக்குக் காட்டத் தவறினால் அந்த அளவுக்கு உங்கள் சொந்தச் சொத்தே ஜப்திக்கு வரும். எலிசாவும் எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கவே அந்த விதவைக்குச் சொன்னான். மீதியில்தான் அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணினார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட பிள்ளையின் நிலையும் வேறு. அவர் வாரிசாக அல்லாமல் தாமே கடன்பட்டவராக நிற்கிறார். அடமானம் வைத்த நிலத்தின் கடன் அந்த நிலத்தையே தொடரும்.

தகப்பன் இறந்தபின் அவர் பெயரிலேயே தொடுத்த வழக்கு செல்லாது. எனினும் காலவரம்புக்குள் வாரிசுகள்மேல் புதிய வழக்குத் தொடுக்கத் தடையில்லை. வழக்கு நடக்கும்போது அவர் இறந்திருந்தால், வாரிசுகளைச் சேர்க்க வாதி 90 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும். புரோநோட்டுக் கடனுக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. ஆகவே நோட்டின் தேதியையும் வட்டி வரவு எழுதிய தேதியையும் கையெழுத்தையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் புதிதாக ஒப்பமிடாதீர்கள்; நீங்கள் எழுதிக்கொடுக்கும் புதிய நோட்டு தகப்பனின் கடனை உங்கள் சொந்தக் கடனாக்கிவிடும். சம்மனை வாங்க மறுப்பதும், வாங்கியபின் போகாதிருப்பதும் ஒருதலைப்பட்சமான டிக்ரியில் முடியும். எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள் உண்டு. மரணச் சான்றிதழோடும் வாரிசுச் சான்றிதழோடும் தகப்பனின் சொத்து விவரத்தோடும் உடனே செல்லுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் திண்டுக்கல் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் எந்தப் பெண்ணும் அங்கே இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். கணவனை இழந்த நம் சகோதரிகள் பலருக்கு இது தெரியாது.