வெள்ளைப்படுதலும் தவறி வரும் மாதவிடாயும்: இயல்பின் எல்லை குறித்து

பூப்பெய்திய பின் வரும் முதற் சில ஆண்டுகளில் நம் நாட்டு இளம்பெண்கள் வைத்தியரிடம் கொண்டுவரும் குறைகளுள் வெள்ளைப்படுதலும், மாதவிடாய் நாள் தவறி வருதலும் தலையாயவை. இவ்விரண்டையும் ஒரே நோயின் இரு தோற்றங்களாகக் கொண்டு, 'உடம்புச் சூடு' என்றும் 'சத்துக் குறைவு' என்றும் பெயரிட்டு, ஊறவைத்த வெந்தயத்தையும் மோரையும் சோற்றுக் கற்றாழையையும் கொடுத்துப் பார்ப்பது வீட்டு வழக்கம்; அதிலே குணம் காணாதபோது, முன்னதற்குக் கிருமி மாத்திரையும் பின்னதற்கு ஹார்மோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது பல வைத்தியசாலைகளின் வழக்கம். ஒன்றையொன்று பழித்துக்கொள்ளும் இவ்விரு வழக்கங்களும், நுணுகி நோக்கினால், ஒரே பிழையின்மேல் எழுந்தவையே: இயல்பு எதுவரை செல்லும் என்பதை நிர்ணயித்துக்கொள்ளாமலே விகாரத்துக்குச் சிகிச்சை செய்யப் புகுவது அப்பிழை. அந்த எல்லையைச் சரிவர வரைந்தோமாயின், இவ்விரு குறைகளும் பெரும்பாலும் தனித்தனி விஷயங்கள் என்பதும், அவை கூடி நிற்கும் சில சந்தர்ப்பங்களே நம் முழுக் கவனத்துக்கும் உரியவை என்பதும் புலனாகும்.

முதலில் வெள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதமோ ஓராண்டோ முன்னதாகவே, சூற்பைகள் சுரக்கத் தொடங்கும் ஈஸ்ட்ரோஜன் யோனியின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, அதன் உயிரணுக்களில் கிளைகோஜன் என்னும் மாவுப் பொருளைச் சேர்த்துவைக்கிறது. அங்கே குடியிருக்கும் லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிர்கள் அதிலிருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அவ்விடத்தின் பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை நிறுத்தி, அயல் கிருமிகள் வேரூன்றாதபடி காக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டெடர்லைன் 1892-ஆம் ஆண்டில் விவரித்த இந்த ஏற்பாட்டின் வெளி அடையாளமே இளம்பெண் காணும் கசிவு. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் குறைந்தும், நடுநாட்களில் முட்டையின் வெண்கருபோல் தெளிந்து இழைந்தும், அதன்பின் தடித்து வெண்மையாகியும் வரும் அது, உள்ளாடையில் காய்ந்தபின் இளமஞ்சள் நிறம் காட்டுவதும் உண்டு. அரிப்பும் எரிச்சலும் துர்நாற்றமும் இல்லாத வரையில் அது நோயன்று. உடல் பக்குவமடைந்து தன் காவலைத் தானே செய்துகொள்வதற்கு அத்தாட்சி. இதை அறியாத பெண்ணோ, கறையைக் கண்டு அஞ்சி, சோப்பாலும் கிருமிநாசினி கலந்த நீராலும் உள்ளே கழுவி, தன்னைக் காத்துவந்த நுண்ணுயிர்களையே அழித்து, இல்லாத நோய்க்கு இடம் செய்துகொடுக்கிறாள்.

அந்த அச்சத்தின் வேர் ஆழமானது. எலும்பு உருகி வெள்ளையாய்ப் போகிறது என்றும், தாது நஷ்டமாகிறது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவருவதால், இடுப்பு வலியும் களைப்பும் தலைச்சுற்றலும் உள்ள பெண் அவற்றுக்கெல்லாம் காரணமாக வெள்ளையையே சுட்டுகிறாள். கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறையைச் சொல்வதற்கும் கிருமித் தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, அதற்கும் மனத்துயருக்கும் இருந்த தொடர்பே வலிமையாகக் காணப்பட்டது. ஆயினும், இதைக்கொண்டு வெள்ளையெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடத் துணிவது பெருந்தவறு. ராணி பங் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட முடிவுகள் நம் முன் இருக்கின்றன: அவர்களுள் நூற்றுக்கு 92 பேரிடம் ஏதேனும் ஒரு பெண்ணோய் இருந்தது, முன்பு அத்தகைய பரிசோதனைக்கு உட்பட்டிருந்தவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேர்தாம். சொல்லப்படும் குறை நோயாக இல்லாதிருக்கலாம், இருக்கும் நோய் சொல்லப்படாமலே கிடக்கலாம் என்னும் இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளுகிறவரே இத்துறையில் நல்ல வைத்தியர் என்பது என் அபிப்பிராயம்.

விகாரத்தின் லட்சணங்கள் மறைவானவை அல்ல. தயிர்த்திப்பியாகத் திரண்டு, பொறுக்கவொண்ணாத அரிப்போடு வருவது கேண்டிடா என்னும் பூஞ்சையின் வேலை. உடலுறவின்றியும் வரக்கூடிய இது, ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட பின்னும் நீரிழிவு உள்ளவர்களிடத்தும் மிகும். நுரைத்து, பச்சையும் மஞ்சளும் கலந்து வருவது, 1836-இல் பாரிஸ் நகரத்து ஆல்பிரட் டோன்னே கண்டறிந்த டிரைக்கோமோனஸ் என்னும் ஓரணு உயிரால் விளைவதாயிருக்கலாம்; இது உடலுறவால் பரவுவதாகையால் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். சாம்பல் நிறமாய் நீர்த்து மீன்வாடை வீசுவதோ, லாக்டோபாசில்லஸ் குன்றிய இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் பெருகியதன் விளைவு. 1955-இல் கார்ட்னரும் டியூக்ஸும் விவரித்த இதற்கு, 1983-இல் ஆம்செலும் அவர் தோழர்களும் நான்கு அடையாளங்களை வகுத்தனர். சீராகப் படிந்த நீர்த்த கசிவு, 4.5-க்கு மேற்பட்ட பி.எச்., பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டவுடன் குப்பென்று எழும் மீன்வாடை, நுண்ணோக்கியில் பாக்டீரியாக்கள் மொய்த்து விளிம்பு மங்கித் தோன்றும் உயிரணுக்கள் ஆகிய இந்நான்கில் மூன்று அமைந்தால் நோய் உறுதியாகிறது. ஒரு துண்டுக் காகிதமும் ஒரு துளி மருந்தும் ஒரு கண்ணாடிச் சில்லும் கொண்டு சில நிமிஷங்களில் முடியும் காரியம் இது.

அவ்வளவு எளிய பரிசோதனையும் நம் வைத்தியசாலைகளில் பெரும்பாலும் நடப்பதில்லை. குறியை மட்டும் கேட்டு மருந்து கொடுக்கும் முறை, ஆய்வுக்கூடம் இல்லாத இடங்களுக்கென வகுக்கப்பட்டது. அம்முறையின்படி, வெள்ளைப்படுதல் என்று வருகிறவளுக்குப் பச்சைப் பொட்டலத்தில் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் கிடைக்கின்றன. தொலைதூரக் கிராமத்தில் ஒன்றும் இல்லாதிருப்பதற்கு இது மேல் என்று அதன் ஆதரவாளர் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால், நோயே இல்லாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு அப்பொட்டலம் கொடுக்கப்படும்போது, தன் இயல்பான கசிவு ஒரு தொற்றுநோய் என்னும் எண்ணம் அவள் மனத்தில் வைத்தியரின் முத்திரையோடு பதிந்துவிடுகிறது; அடுத்த மாதமும் கசிவு வரத்தான் செய்யும்; அவள் மீண்டும் மருந்து தேடுவாள். கருப்பை வாயில் தங்கும் கிளமிடியா போன்ற தொற்றுக்களைப் பிரித்தறிவதிலோ இம்முறை மிகவும் தளர்ந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி.

மாதவிடாய் விஷயத்திலும் அளவு தெரியாமையே தொல்லை. வயதுவந்த மாதருக்கு 24 முதல் 38 நாள் வரையிலான சுழற்சி இயல்பென்றால், பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இயல்பே. மூளைக்கும் சூற்பைக்கும் இடையிலான ஹார்மோன் ஒழுங்கு முதிராமையால், அக்காலத்தில் பல சுழற்சிகளில் முட்டை வெளிப்படுவதே இல்லை. மூன்றாம் ஆண்டளவில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது வரையிலான சுழற்சிகள் 21-க்கும் 34-க்கும் இடையில் அமைந்துவிடுகின்றன. ஆகவே பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு நாற்பதாம் நாள் வந்ததென்று கலங்குவதும், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதமாக வராததைக் 'கல்யாணமானால் சரியாய்ப் போகும்' என்று விட்டுவிடுவதும் சமமான பிழைகள். தொண்ணூறு நாட்களுக்கு மேல் ஒருமுறை தள்ளிப்போனாலும் காரணம் தேடவேண்டும்: தைராய்டு, புரோலாக்டின், திடீர் உடல்மெலிவு, மனக்கவலை, கர்ப்பம் என அது பலவாக இருக்கக்கூடும்.

சினைப்பை நீர்க்கட்டி என்று இன்று ஊரெங்கும் பேசப்படும் நோயை, 1935-இல் சிகாகோவின் ஸ்டைனும் லெவந்தாலும் ஏழு பெண்களைக் கொண்டு விவரித்தனர். மாதவிடாய் தவறுவதோடு, முகத்தில் முடி வளர்தல், கடும் பரு போன்ற ஆண்ஹார்மோன் மிகுதியின் அடையாளமும் இருந்தாலொழிய இளம்பெண்ணுக்கு இந்நோயைச் சொல்லலாகாது என்றும், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் கழியுமுன் ஸ்கேனைக்கொண்டு இதை முடிவுகட்டலாகாது என்றும் 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி விதிக்கிறது. ஏனெனில் அவ்வயதின் சூற்பையில் பல நுண்பைகள் தோன்றுவது இயல்பேயாகும். இவ்விதி அறியாது எடுக்கப்பட்ட ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இனித் தனக்குக் குழந்தையே பிறவாதென்று அழும் பெண்களின் துயரம் தவிர்த்திருக்கக்கூடிய துயரம்.

அதிகப் போக்கைப் பற்றி ஒரு சொல். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். அவ்வாறிருக்க, ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பதையும், மணிக்கு ஒருமுறை துணி மாற்றவேண்டியிருப்பதையும் 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று தாயார் சொல்வது ஆறுதலாகாது. தாய்க்கும் மகளுக்கும் ஒருங்கே உள்ள, இரத்தம் உறையாமையாகிய வான் வில்லிபிராண்ட் நோயின் முதல் தடயமாகவும் அச்சொல்லே அமையலாம்.

இனி, இரண்டும் கூடிநிற்கும் இடம். கசிவோடு மாதவிடாய்க்கு இடைநாட்களில் இரத்தமும் தோன்றுமாயின் கருப்பை வாயின் அழற்சியையும், அதனோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேருமாயின் கருக்குழாய் வரை ஏறிய தொற்றையும் ஐயுறவேண்டும். நம் நாட்டில் மறக்கலாகாத மற்றொன்று, கருக்குழாயையும் கருப்பையின் உட்படலத்தையும் பற்றும் காசநோய்: மாதவிடாய் வரவரக் குறைந்து, சிலரிடம் முற்றும் நின்று, மெல்லிய காய்ச்சலும் எடைக்குறைவுமாக ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, மணமாகிக் குழந்தையில்லையென்று தேடும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. இவை நீங்கலாக, வெள்ளை வருவதால் மாதவிடாய் தவறுவதுமில்லை. மாதவிடாய் தவறுவதால் வெள்ளை நோயாவதுமில்லை.

இத்தனையும் பகுத்தறிய வைத்தியருக்கு முதலில் வேண்டுவது அப்பெண்ணின் வாய்மொழி. அதுதான் எளிதில் கிடைப்பதில்லை. 'கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?' என்று கேட்டால் தாய் பதில் சொல்கிறாள். மகள் தரையைப் பார்த்திருக்கிறாள். ஆண் வைத்தியரிடம் வரக் கூசிய மாதருக்கெனச் சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையார் 1885-இல் தொடங்கியதும், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்களால் வழங்கப்பட்டதுமான மருத்துவமனை அக்காலத்துக் கூச்சத்துக்கு ஒரு தக்க விடையாயிற்று. பெண் வைத்தியர் நிறைந்த இக்காலத்தில், தாயின் எதிரே எதையும் சொல்லவியலாத மகளின் கூச்சத்துக்குரிய விடை, தாயைச் சில நிமிஷங்கள் வெளியே இருக்கச் சொல்லும் மரியாதையான ஏற்பாடு. மணமாகாத பெண்ணுக்கு உட்பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது என்பதையும், வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனும், பெண் தானே பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரும் மாதிரியும் பல சமயங்களில் போதும் என்பதையும் அதற்கு முன்பே தாயிடம் விளக்கிவிட்டால், அவள் தடை சொல்வதற்குரிய காரணங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும். மகளிடம் கேட்கவேண்டியவை சிலவே: நிறம், வாடை, அரிப்பு, வலி, உடலுறவு உண்டா, அது அவள் விருப்பத்தோடு நிகழ்ந்ததா, கடந்த மூன்று மாதங்களில் எந்தெந்தத் தேதிகளில் வந்தது. கடைசிக் கேள்விக்குத் திடமான பதில் கிடைக்கவேண்டுமாயின், சுவர்க் காலண்டரில் மாதந்தோறும் முதல் நாளன்று ஒரு புள்ளியிட்டு வரும்படி பூப்பெய்திய மாதத்திலேயே அவளிடம் யாரேனும் சொல்லியிருக்கவேண்டும்.