செங்கல்லைத் தட்டிப் பார்த்த காலம்

சுவர் நல்லதா கெட்டதா என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டறிந்தவர்கள் நம் பழைய கொத்தனார்கள். இரண்டு செங்கற்களைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். கணீரென்று மணிபோல ஒலித்தால் அது நன்றாக வெந்த கல். 'பொத்'தென்று ஒலித்தால் சூளையில் வேகாத கல்; அல்லது உள்ளே கீறல் விட்ட கல். நகத்தால் கீறினால் கோடு விழுதல் ஆகாது. ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து எடுத்தால், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடித்திருத்தலும் ஆகாது. மழை ஓயாத நம் நாடுகளில் நீர் குடிக்கும் கல்லை வைத்துச் சுவர் எழுப்பினால் என்னவாகும்? உப்புப் பூக்கும், காரை உதிரும்.

சிங்கப்பூரில் இத்தொழில் வளர்ந்த வரலாறு சற்றே வேதனையானது. 1825ஆம் ஆண்டு பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னாளில் சிராங்கூன் சாலையில் அமைந்த அரசாங்கச் சூளையில் செங்கல் அறுத்துச் சுட்டவர்கள் அத்தகைய கைதிகளே. அக்கற்கள் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பரிசு பெற்றன. சொந்த வீடு வாசலை இழந்து வந்தவர்களின் கையால் உருவான கல்லுக்குப் பரிசு!

புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் அவர்களே கட்டினர். அங்கிருந்த பழைய கோயில் 1845, 1849 ஆகிய இரு ஆண்டுகளில் இடிவிழுந்து பழுதுபட்டு, 1852இல் மூடப்பட்டது. 1856இல் தொடங்கிய புதிய கோயிலின் சுவர்களுக்கு மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சாந்து அது. காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இதில் சுண்ணாம்பு முழுதும் நீறியிருக்கவேண்டும் என்பதே முக்கியம். நீறாத துணுக்கு ஒன்று தங்கிவிட்டாலும் பின்னர் ஈரம்பட்டு உப்பி, பூச்சைக் கொப்புளம்போல் தள்ளிவிடும். வீட்டுச் சுவரில் சிறு குழிகள் தெரிந்தால் இக்காரணத்தையும் நினைத்துப் பாருங்கள்.

கோலாலம்பூரிலும் செங்கல்லுக்கு வேலை வந்தது. 1881இல் அந்நகரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அதன்பின் அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் செய்தார் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குக் காரணம் அங்கிருந்த சூளைகளே.

பிறகு கான்கிரீட் காலம் பிறந்தது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தபின், சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. ஆண்டுகள் பல சென்றபின் பழைய வீடுகள் சிலவற்றில், குறிப்பாகக் குளியலறையிலும் சமையலறையிலும், கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழலாயிற்று. காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உட்புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அப்போது உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவரும்.

இங்கும் உதவுவது காதுதான். சிறு சுத்தியலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தால் அங்கே கான்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது என்று பொருள். பழுப்புக் கறையும் நீளவாக்கிலான வெடிப்பும் கூடவே இருந்தால் ஐயமே இல்லை. சிலர் அதன்மேல் சாந்து பூசி, வண்ணமும் அடித்துவிடுகிறார்கள். பெயர்ந்ததை முழுதும் கொத்தியெடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பின்னரே புதுச் சாந்து வைக்கவேண்டும். இல்லையேல் அடுத்த முறை பழைய கான்கிரீட்டோடு புதுப் பூச்சும் சேர்ந்தே தலையில் விழும்.