மின்கடத்தல் கோளாறும் பேஸ்மேக்கர் சிகிச்சையும்: யாழ்ப்பாணத் தீவகம்

இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போகும் வழியில் தாமதிப்பதோ தடைப்படுவதோ மின்கடத்தல் கோளாறு எனப்படும். முதுமையில் கடத்தும் இழைகள் நாராக இறுகுவதே முக்கிய காரணம். மாரடைப்பும் சில மருந்துகளும் இதை உண்டாக்கும். துடிப்பு முற்றாகத் தடைப்படும் முழு அடைப்பில் நாடி நிமிடத்துக்கு 40-க்கும் கீழே இறங்கலாம். நோயாளி திடீரென மயங்கி விழக்கூடும். பனையேறுபவருக்கும் வள்ளத்தில் தனியே தொழிலுக்குப் போகிறவருக்கும் அந்த ஒரு மயக்கமே உயிரைப் பறிக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்தில் இளவயதினரிடமும் இக்கோளாறு கண்டதற்கு மஞ்சள் அலரி நஞ்சு காரணம். இங்கிருந்து அலரி நஞ்சுண்ட 170 நோயாளர் பற்றிய ஆய்வு 1988இல் வெளியானது. நஞ்சு நீங்கினால் துடிப்பு சீராகிவிடும் என்பதால் இருதயத்தைத் துடிக்கத் தூண்டும் தற்காலிகப் பேஸ்மேக்கரே இவர்களுக்குப் போதும்.

நிரந்தரப் பேஸ்மேக்கர் கருவி முதன்முதலில் 1958இல் ஸ்டாக்ஹோமில் பொருத்தப்பட்டது. அந்த நோயாளி பல கருவிகள் மாற்றி 2001 வரை வாழ்ந்தார். இக்கருவி வருமுன், முழு அடைப்பால் மயங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். கருவி பொருத்திய பின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது உடனிருக்கும் மற்ற இருதய நோய்களே. துடிப்பு பிறக்குமிடமே பழுதாகும் சைனஸ் கணு நோயில் மட்டும் கருவி மயக்கத்தைப் போக்குகிறது, ஆயுளை நீட்டுவதாக நிறுவப்படவில்லை. வலக் கீழறையை ஓயாமல் தூண்டுவதால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலரது இருதயம் பலவீனமடைகிறது. ஏற்கெனவே இருதயம் பலவீனமான, அடைப்புள்ள நோயாளருக்கு இரு கீழறைகளையும் தூண்டுவது மேலானது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

பற்றரி பொதுவாக 8 முதல் 12 ஆண்டு வரை உழைக்கும். தீர்வதற்குச் சில மாதம் முன்பே கருவி அறிவிக்கும். ஆகவே 6 அல்லது 12 மாதத்துக்கொருமுறை கிளினிக்குக்குப் போவது சிகிச்சையின் பாதி. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களுக்கு யாழ்ப்பாணம் போகத் தரைவழி உண்டு. நெடுந்தீவாரும் நயினாதீவாரும் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம். வாடை, சோளகக் காற்றுக் காலங்களில் கடல் கொந்தளிக்கும் என்பதால், இத்தீவாருக்குப் பற்றரி மாற்றும் நாளைக் காற்றுக்கு முன்பே குறிப்பது நல்லது.

பொருத்திய முதல் சில வாரம் அந்தப் பக்கக் கையால் வலை இழுப்பதும் எஞ்சின் கயிற்றைச் சுண்டுவதும் கூடாது, இருதயத்துக்குள் செல்லும் கருவியின் வயர் நகர்ந்துவிடும். ஓடும் எஞ்சினின் மின்பகுதிக்கு மேல் நெஞ்சைச் சாய்க்காமல் ஓரடியேனும் விலகியிருக்க வேண்டும்.