தூரிகைக்கும் கவிதைக்கும் பக்கத்தில் ஒரு பியானோ

நம் வீடுகளில் பியானோ என்றாலே கிரேடு தேர்வுதான் நினைவுக்கு வரும். தாளில் உள்ளதைப் பிசகாமல் வாசித்தால் மதிப்பெண். தாளே இல்லாமல், மேடையில் அமர்ந்த பிறகு பிறக்கும் பியானோ இசையும் உண்டு. ஜாஸ் கலைஞர்கள் வளர்த்த கலை அது. நம் கர்நாடக இசையில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு உறவு என்று சொல்லலாம்.

"ஒன்றும் புரியவில்லை" என்று இந்த இசையை ஒதுக்குபவர்கள் பலர். ஓவியத்தையும் கவிதையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கேட்டால் அது பிடிபடும் என்பது என் கருத்து. வரலாறும் அதற்குச் சான்று சொல்கிறது.

1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டின் உறையில், அதில் பியானோ வாசித்த பில் எவான்ஸ் ஒரு குறிப்பு எழுதினார். அவர் உவமை காட்டியது ஜப்பானிய ஓவியத்தை. மெல்லிய தாளில் கறுப்பு வண்ணத்தால் தீட்டும் கலை அது. தூரிகை தயங்கினால் கோடு கெடும், தாளும் கிழியும். அழித்துத் திருத்த வழியில்லை. ஜாஸ் இசையும் அப்படித்தான் என்றார் அவர்.

செசில் டெய்லர் (1929-2018) பியானோ கலைஞர் மட்டுமல்லர், கவிஞரும்கூட. நிகழ்ச்சிகளில் தம் கவிதைகளையும் சொல்வார். 2016இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஓவியங்களுக்கான தன் தளம் ஒன்றையே அவருக்காக ஒதுக்கியது.

இனி நமக்கு நெருக்கமான பெயருக்கு வருவோம். விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர். கணிதமும் இயற்பியலும் படித்தவர். சிறுவயதில் முறையாகக் கற்றது வயலின். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே பழகிக்கொண்டார். நம்மவர் என்பதற்காக அவரைப் பேசவில்லை, அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்காகப் பேசுகிறேன்.

2001இல் ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி, வேறு நாட்டுக்குச் செல்லும் வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கினார். கைரேகை கொடுக்க மறுத்தார். சங்கிலியால் பிணைக்கப்பட்டுப் பல மணி நேரம் கிடந்தார். செப்டம்பர் தாக்குதலுக்கு முன்பே நடந்தது இது. தாம் குற்றவாளி அல்லர் என்பதை எந்த மொழியில் சொல்வது என்ற அவரது தவிப்பே, ஐயரும் கவிஞர் மைக் லேடும் 2003இல் அரங்கேற்றிய படைப்புக்குத் தலைப்பானது. விமான நிலையத்தில் தஞ்சம் கேட்பவரும் ஈராக்கிய வணிகரும் அதன் கவிதைகளில் வருகிறார்கள். பழுப்பு நிறத் தோலோடு குடிநுழைவு வரிசையில் நின்ற எவருக்கும் அந்தக் கவிதைகளும் அவற்றோடு வரும் பியானோவும் அந்நியமாக இரா.

ஓவியத்தின் பக்கம் அவர் வந்தது 2016இல். நியூயார்க்கில் மெட் பிரோயர் அரங்கம் திறக்கப்பட்டபோது, இந்திய ஓவியர் நஸ்ரீன் முகம்மதியின் (1937-1990) கோட்டோவியங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. பென்சில், மை, நேர்கோடுகள், அவ்வளவுதான். கடைசி ஆண்டுகளில் நரம்பு நோய் அவர் உடலைத் தளர்த்தியது; கோடுகள் மட்டும் தளரவில்லை. அவர் நினைவாக ஐயரும் டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தும் இசைத்தது அதே ஆண்டில் இசைத்தட்டாகவும் வந்தது. கேட்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம். கேட்கும்போது நஸ்ரீனின் கோட்டோவியம் ஒன்று கண்முன் இருக்கட்டும்.