மண்டபம் முகாமும் மனிதவளத் திட்டமிடலும்: ஒரு வரலாற்று நோக்கு

வலிமை, நலிவு, வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் நான்கு கட்டங்களில் நிறுவனத்தின் நிலையை மதிப்பிடுவது மேலாண்மையியலின் உத்திசார் பகுப்பாய்வு முறையாகும். அதனை இராமநாதபுரக் கடற்கரையின் மண்டபம் முகாமுக்குப் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கின. அதன்பின் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் மண்டபத்தில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். தோட்ட உரிமையாளருக்குக் குறுகிய கடல்வழி வாய்ப்பு, தொற்றுநோய் அச்சுறுத்தல். தொழிலாளரைக் கங்காணியிடம் பிணைத்த கடன் தோட்டத்திற்கு வலிமையாகவும் தொழிலாளருக்கு நலிவாகவும் அமைந்தது. ஊரின் வறட்சி அவருக்கு அச்சுறுத்தல், தோட்டத்திற்கோ வாய்ப்பு. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபோது தோட்டத்தின் ஆள்சேர்ப்பு வழி அடைபட்டது.

ஆகவே, கட்டங்களை நிரப்புமுன் அவை யாருடைய நோக்கில் வரையப்பட்டவை என வினவுதல் மனிதவளத் திட்டமிடலின் முதற்கடமையாகும்.